வௌவால் வீட்டில் விருந்தாளி

"வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டில் இடமும் இல்லாமல் அரிசியும் இல்லாமல் இருக்கும் நாளாகப் பார்த்து உறவினர் வந்து நின்றால், பாட்டிமார் அடுக்களைக்குள் இதை மெல்லச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். ஆனால், வௌவால் வீட்டுக்கு மனிதன் விருந்து போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் கூறவில்லை. சென்ற பங்குனி மாதத்தில் அதையும் பார்த்துவிடுவது என்று நாம் புறப்பட்டோம்.

இந்தப் பிரயாணத்துக்கு மூல காரணம் பத்து வயது நிரம்பிய நம் வீட்டுப் பெண். ஒரு பழைய கோவிலுக்கு அவளை அழைத்துச் சென்றிருந்தபோது, வளைந்து சரிந்து இறங்கும் விதானமுள்ள ஒரு மண்டபத்தைக் காட்டி, "இதற்கு வௌவால் நெற்றி மண்டபம் என்று பெயர்" என்று நம்முடைய சிற்ப ஞானத்தை வெளியிட்டோம். குழந்தை சிற்பத்தைப் பார்க்கவில்லை. இருண்ட மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நிஜ வௌவால்களைப் பார்த்தாள்.

"அப்பா, இவை பகலெல்லாம் இருட்டிலேயே இருக்கின்றனவே! வெளியே சாயங்காலம் ஆகிவிட்டது என்று இவற்றுக்கு யார் வந்து சொல்வார்கள்?" என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத தகப்பன்மார் வழக்கமாகச் செய்வதையே நாமும் செய்தோம். "சந்நிதியில் பேசக் கூடாது" என்று அதட்டி வைத்தோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் உயிர்நூல் கற்பிக்கும் நண்பருக்குக் கடிதம் எழுதினோம். "இந்தக் கேள்விக்கு விடை கண்ட இடமே மதுரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குழந்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்தது.

சமணர் மலை அடிவாரத்தில்

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில் சென்றால் நாகமலை நம்முடன் நெடுந்தூரம் கூடவே வருகிறது. சமணர்கள் ஏவிய பெரும் பாம்பைப் பாண்டியன் இறைவன் அருளால் அம்பெய்து வீழ்த்தினான் என்றும், அதுவே மலையாகக் கிடக்கிறது என்றும் திருவிளையாடற் கதை சொல்லும். நாகமலைப் புதுக்கோட்டையில் பெருஞ் சாலையை விட்டுத் திரும்பிச் சிறிது தூரம் போனால் கீழக்குயில்குடி என்னும் கிராமம். அதை ஒட்டி நிற்கும் கரும்பாறைக் குன்றுக்குத்தான் சமணர் மலை என்று பெயர்.

அடிவாரத்தில் அய்யனார் கோவில். அதன் முன்னே தாமரைக் குளம். சுற்றிலும் விழுது விட்ட ஆலமரங்கள். வெயில் தாழும் நேரத்தில் அந்த நிழலில் சற்று உட்கார்ந்தால், எழுந்து மலை ஏற வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். நண்பர் விடவில்லை.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறிச் செட்டிப்புடவு என்னும் குகையை அடைந்தோம். உள்ளே தீர்த்தங்கரர் திருவுருவம் அமைதியே வடிவாக அமர்ந்திருக்கிறது. பேச்சிப்பள்ளம் என்னும் மற்றோர் இடத்தில், சுனைக்கு மேலே பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே சமண முனிவர்கள் தங்கித் தவமும் கல்வியும் வளர்த்தார்கள்.

அந்த முனிவர்கள் எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். பொழுது சாய்ந்த பின் உண்ணாதவர்கள். அவர்கள் உண்டி முடித்து அடங்கும் வேளையில், அதே மலையில் குடியிருந்த மற்றொரு கூட்டத்தார் விழித்தெழுந்து உண்ணப் புறப்பட்டிருப்பார்கள். ஒரே வீட்டில் இரு குடித்தனம்! ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாத குடித்தனம். முனிவர்கள் போய்விட்டார்கள். மற்றக் குடித்தனக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விருந்தினர் வாசலிலேயே நிற்க வேண்டும்

வௌவால் குகையின் வாய்க்குச் சற்றுத் தள்ளி, காற்று வீசும் பக்கமாக நம்மை ஒரு பாறையின் மேல் உட்கார வைத்தார் நண்பர். குகைக்குள்ளிருந்து நெடி குப்பென்று வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.

"உள்ளே எட்டிப் பார்க்கலாமா, மாமா?" என்று குழந்தை கேட்டாள்.

"கூடாது அம்மா. தாய் வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். நாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் எல்லாம் ஒரே சமயத்தில் கலைந்து பறக்கும். அந்த அமளியில் தாயைப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டி கீழே விழுந்துவிடும். விழுந்த குட்டி பிழைப்பது அரிது. தவிரவும், குகையின் புழுதி நமக்கும் நல்லதல்ல. இந்த வீட்டுக்கு விருந்து வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும்" என்றார்.

காத்திருக்கும் நேரத்தில் வௌவாலைப் பற்றி நாம் கொண்டிருந்த தப்பெண்ணங்களை நண்பர் ஒவ்வொன்றாகக் களைந்தார். வௌவால் பறவையன்று. நம்மைப்போல் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. பாலூட்டிகளுள் உண்மையாகப் பறக்க வல்லது இது ஒன்றே. அதன் சிறகு என்பது விரல்கள் நீண்டு, இடையே மெல்லிய தோல் படர்ந்த கைதான். தலைகீழாகத் தொங்குவதில் அதற்குச் சிரமமே இல்லை. காலின் தசைநார்கள் உடம்பின் பாரத்தாலேயே தாமாகப் பூட்டிக்கொள்ளும் விதத்தில் அமைந்திருக்கின்றன. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பதும் பொய். இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மூன்றே வகை. அவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளன. நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை.

உலகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன என்று கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வௌவால்! நம்முடைய முன்னோர் இவற்றை நன்கு கவனித்தே இருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் இது வாவல் என்று வருகிறது. சிறு வௌவாலுக்குத் துரிஞ்சில் என்ற தனிப் பெயரும் தமிழில் உண்டு. கவனித்துப் பார்க்காத மக்கள் ஓர் இருட்டுப் பிராணிக்கு இத்தனை பெயர் வைப்பார்களா?

காது கேளாத கூக்குரல்

சூரியன் மலைக்குப் பின்னே இறங்கினான். குளத்துத் தாமரைகள் மங்கின. குகையின் வாயில் ஏதோ ஒன்று விர்ரென்று வந்து திரும்பி உள்ளே போயிற்று. பிறகு மற்றொன்று. "வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறது" என்றார் நண்பர். ஐந்து நிமிஷம் சென்றது. திடீரென்று குகை மூச்சு விட்டாற் போலிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு பத்துப் பத்தாக, கணக்கிட முடியாதபடி சிறு வௌவால்கள் வெளிப்பட்டன. நம் தலைக்கு மேலே, காதுக்குப் பக்கத்திலே, தோளுக்குக் கீழே பறந்தன. ஒன்றாவது நம் மீது மோதவில்லை. ஒன்றோடொன்றும் மோதிக்கொள்ளவில்லை.

அத்தனை கூட்டம் போகும்போது சிறகின் மெல்லிய சலசலப்பைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றும் அப்போது ஓயாமல் கூவிக்கொண்டிருந்தன என்றார் நண்பர். மனிதன் காது, நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்க மாட்டாது. இந்தக் குகையில் வாழும் இலைமூக்கு வௌவாலின் குரலோ நொடிக்கு 1,20,000 அதிர்வுக்கும் மேற்பட்டது. அந்தக் குரல் பாறையிலும் கிளையிலும் பூச்சியிலும் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. எதிரொலியைக் கொண்டு, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று வௌவால் கண நேரத்தில் அறிந்துகொள்கிறது.

ஸ்பல்லன்ஸானி என்னும் இத்தாலியப் பாதிரியார் 1790-களிலேயே, பார்வை இழந்த வௌவால் தடையின்றிப் பறப்பதையும், காது அடைபட்ட வௌவால் தடுமாறுவதையும் கண்டார். காரணம் விளங்கவில்லை. 1938-ஆம் ஆண்டில்தான் கிரிஃபின், பியர்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் கருவியின் துணைகொண்டு வௌவாலின் கூக்குரலை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள்.

மதுரை வட்டாரத்தில் வாழும் வேறொரு வௌவாலின் சாமர்த்தியம் இதற்கும் மேலானது. அது தரையிலிருக்கும் தவளையைப் பிடித்துத் தின்னும். அதற்குத் தன் குரலின் எதிரொலிகூட வேண்டியதில்லை. தவளை அசையும் சிறு ஓசையே போதும் என்று டாக்டர் மாரிமுத்துவும், ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே ஆராய்ச்சி செய்த பேராசிரியர் நாய்வைலரும் 1987-ஆம் ஆண்டில் எழுதினார்கள்.

சாயங்காலம் ஆயிற்றென்று சொல்வது யார்?

"என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே!" என்றாள் குழந்தை.

நண்பர் மலைக்கு அப்பால் பல்கலைக்கழகம் இருக்கும் திசையைக் காட்டினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் என்னும் அறிஞர் இருந்தார். உயிர்களின் உடலுக்குள் ஓடும் காலக் கணக்கை ஆராயும் துறையில் உலகப் புகழ் பெற்றவர். அவரும் அவருடைய மாணவர்களும், முக்கியமாக மாரிமுத்துவும், இந்தக் குழந்தை கேட்ட கேள்வியையே கேட்டார்கள். அதற்கு விடை தேட இந்தச் சமணர் மலைக் குகைக்கே வந்தார்கள்.

வெளிச்சமே எட்டாத குகைப் பகுதியில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்து, அது எப்போது சுறுசுறுப்படைகிறது, எப்போது ஓய்கிறது என்பதைக் கருவிகளால் நாள்தோறும் குறித்தார்கள். கூண்டு வௌவாலுக்குச் சூரியோதயமும் தெரியாது. அஸ்தமனமும் தெரியாது. ஆயினும் வெளியே அந்தி சாயும் நேரத்தில் அது தவறாமல் சிறகடித்தது. சுற்றிலும் சுதந்திரமாக இருந்த மற்ற வௌவால்கள் புறப்படும் பரபரப்பும், விடியலில் திரும்பி வரும் ஆரவாரமும் அதற்கு மணி காட்டின.

பிறகு வேறு வௌவால்கள் இல்லாத ஒரு குகையில் இதே விதமாக ஒரு வௌவாலைத் தனியே வைத்துப் பார்த்தார்கள். அதன் உடலுக்குள் இருந்த கடிகாரம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நாளடைவில் 24 மணிக் கணக்கிலிருந்து சிறிது சிறிதாக விலகிப் போயிற்று. வெளியே அந்தியாகும்போது அதற்கு அந்தியாகவில்லை. 1978-லும் 1981-லும் இந்த முடிவுகள் வெளியாயின. ஓர் உயிர் தன் இனத்தாரைக் கொண்டே காலத்தை அறிந்துகொள்கிறது என்பதற்கு இவை தெளிவான சான்றுகளாக விளங்கின.

நமக்குப் பெருமையாக இருந்தது. கோடி கோடியாகப் பணம் கொட்டிக் கட்டிய ஆராய்ச்சிசாலையில் அல்ல, பாண்டி நாட்டு மலைக் குகை ஒன்றில், நம் நாட்டு அறிஞர்கள் இந்த உண்மையைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள்.

குழந்தை நெடுநேரம் யோசித்தாள். "அப்படியென்றால், பக்கத்தில் தொங்கும் வௌவால்தான் அதற்குக் கடிகாரம். கூட்டத்தைக் கலைத்துவிட்டால் அதற்கு மணியே தப்பிப் போய்விடும், இல்லையா மாமா?" என்றாள்.

நண்பர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "அதற்குத்தான் வாசலிலேயே நிற்கச் சொன்னேன்" என்றார்.

முனி காக்கும் ஆலமரம்

குகை வௌவாலைப் பார்த்தாயிற்று. மரத்து வௌவாலையும் பார்க்க வேண்டாமா? மறுநாள் மாலை நண்பர் நம்மை வேறோர் ஊருக்கு அழைத்துச் சென்றார். கண்மாய்க் கரையில் ஒரு பெரிய ஆலமரம். அதன் கிளைகளில் இலையைக் காட்டிலும் வௌவால் அதிகமோ என்று தோன்றியது. இவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். நரி போன்ற முகம். செம்பழுப்பு நிறமான பிடரி. சிறகை விரித்தால் நான்கு அடி அகலம். பங்குனி வெயிலுக்கு அவை சிறகாலேயே விசிறிக்கொண்டிருந்தன. சில தாய்களின் மார்பில் குட்டிகள் பற்றிக்கொண்டிருந்தன. இந்த வகைக்கு எதிரொலி வித்தை கிடையாது. கண்ணும் மூக்கும்தான் துணை.

மரத்தடியில் ஒரு சூலம், சில மணிகள், எண்ணெய் படிந்த ஒரு கல். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் நம்மைக் கண்டு வந்தார்.

"இது நேத்து இன்னைக்கு வந்த கூட்டமில்லீங்க ஐயா. எங்க பாட்டன் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இங்கனதான் இருந்துச்சாம்" என்றார்.

"கல்லை விட்டு எறிந்தால் என்ன ஆகும், தாத்தா?" என்று குழந்தை கேட்டாள்.

"முனி கேக்கும் பாப்பா! இது முனி மரம். அதுக எல்லாம் முனி வளக்குற பிள்ளைக. தீவாளிக்குக்கூட இந்தப் பக்கம் நாங்க வெடி போடுறதில்லே."

ஊரின் பெயரை எழுதிக்கொள்ள நாம் பென்ஸிலை எடுத்தோம். முதியவர் பதறினார். "பேரைப் போட்டுராதீங்க ஐயா! பேரைப் போட்டா நாளைக்குத் துப்பாக்கிக்காரன் வந்து நிப்பான்" என்றார். வௌவால் மாமிசமும் எண்ணெயும் ஆஸ்துமாவுக்கு மருந்து என்ற தவறான நம்பிக்கையால் இவற்றைச் சுட்டுக் கொல்வோர் உண்டு. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இங்கே பெயரை எழுதாமல் விட்டிருக்கிறோம்.

இத்தகைய மரம் இது ஒன்று மட்டும் அல்ல. மதுரைக்கு அப்பால் புளியங்குளம் என்னும் கிராமத்தில், முனியின் காவலில் இருந்த ஆலமரத்தையும், அதில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான பழந்தின்னிகளையும் பற்றி டாக்டர் மாரிமுத்து 1988-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். வௌவாலுக்குத் தீங்கு செய்தவன் முனிக்குப் படையல் வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை.

இலுப்பையும் ஆலும்

முனி எதற்காக வௌவாலைக் காக்க வேண்டும்? இதற்கு நண்பர் காரணம் சொன்னார்.

ஆலம்பழத்தையும் அத்திப்பழத்தையும் தின்னும் பழந்தின்னி, சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிடும். சிறு விதைகள் அதன் வயிற்றின் வழியாகச் சென்று, பறக்கும்போது எங்கேயோ விழும். இரவில் அது பல மைல் தூரம் செல்லும் பிராணி. ஆகவே ஊர் ஊராக மரம் நட்டுக்கொண்டே போகிறது. தான் தொங்குவதற்கு வேண்டிய ஆலமரத்தைத் தானே விதைக்கிறது.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை" என்போம். அந்த இலுப்பைப் பூ இரவில் மலர்வது. சதைப்பற்றுள்ள அதன் இதழ்க் குழலைப் பழந்தின்னிகள் வாயால் இழுத்துத் தின்னும்போது மகரந்தம் பூவுக்குப் பூ சேர்கிறது. பின்னர் காய் பழுத்தால், பழத்தைக் கௌவிக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்ச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். நம் முன்னோர் இலுப்பை எண்ணெயில் கோவில் விளக்கு ஏற்றினார்கள். அந்த விளக்கின் ஒளிக்கு இருட்டில் பறக்கும் இந்தப் பிராணியின் உழைப்பும் காரணம் என்பதை நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்தோமா?

சிறிய வௌவால்களோ இரவெல்லாம் பூச்சி பிடிக்கின்றன. நெற்பயிரைக் கெடுக்கும் அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் அவற்றின் உணவில் சேர்ந்தவை. சம்பளம் கேட்காத காவற்காரர்கள்!

குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற வகையைப் பற்றியும் நண்பர் ஒரு வேடிக்கை சொன்னார். அதன் ஆண், கொடியின் தண்டுகளையும் கூந்தற்பனையின் காய்க் குலையையும் பல்லால் கடித்துக் குடைந்து, பல நாள் பாடுபட்டு ஒரு கூடாரம் அமைக்கிறது. வீடு தயாரான பிறகுதான் பெண் வௌவால்கள் அங்கே குடிவருகின்றன. பாளையங்கோட்டையில் செய்த இந்த ஆராய்ச்சி 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சொந்த வீடு இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்காத கஷ்டம் வௌவால் குலத்திலும் உண்டு போலும்!

சட்டமும் அச்சமும்

இவ்வளவு நன்மை செய்யும் பிராணியை நம் நாட்டுச் சட்டம் எப்படி மதித்தது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காகம், எலி, சுண்டெலி முதலியவற்றோடு பழந்தின்னி வௌவால்களும் தீங்குயிர்ப் பட்டியலில் சேர்ந்திருந்தன. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்பது அதன் பொருள்.

அதே 1972-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. நாம் வந்த தேனிச் சாலை மேலே கொண்டு செல்லும் மேகமலையில், 1948-ஆம் ஆண்டில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டக்காரர் ஒரு பழந்தின்னியைப் பிடித்திருந்தார். அது சாதாரண வகை என்று கருதப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் 24 ஆண்டுகள் கிடந்தது. கிட்டி தோங்லோங்யா என்னும் தாய்லாந்து அறிஞர் அதைப் பார்த்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத புதிய இனம் என்று கண்டு, நம் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்கு இட்டார். பிறகு 1993-ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் காட்டில் காணப்பட்டது. கவனியாமல் விட்டால் நம் வீட்டுச் செல்வம் நமக்கே தெரியாமல் போகும் என்பதற்கு இது சாட்சி.

சட்டம் 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. தீங்குயிர்ப் பட்டியல் எடுபட்டது. பெரிய பழந்தின்னி, காக்கப்பட வேண்டிய உயிர்களின் வரிசையில் இடம் பெற்றது. ஆலமரத்து முனிக்குத் தெரிந்திருந்த நியாயம் சட்டத்துக்குத் தெரிய 50 ஆண்டுகள் ஆயின!

வௌவாலிடம் அச்சப்படவே வேண்டியதில்லை என்று நாம் சொல்லவில்லை. நிபா என்னும் நோய்க்கிருமி பழந்தின்னிகளின் உடலில் வாழ்வது. 1998-99-ல் மலேசியாவில் அது பன்றிகள் வாயிலாக மக்களுக்குப் பரவி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018-ஆம் ஆண்டில் கேரளத்தில் 17 உயிர்கள் போயின. எனவே, வௌவால் கடித்துப் போட்ட பழத்தை உண்ணலாகாது. பழங்களைக் கழுவி உண்ண வேண்டும். மரத்தில் கட்டும் பதநீர்க் கலயத்தை மூடி வைக்க வேண்டும். கீழே விழுந்த வௌவாலை வெறுங் கையால் தொடலாகாது. இவை குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டிய விஷயங்கள். ஆனால் அச்சத்தினால் மரத்தை வெட்டுவதும் கூட்டத்தைக் கலைப்பதும் பயன் தரா. இடம் இழந்த வௌவால் செத்துப் போவதில்லை, நம் தோட்டத்துக்கும் கூரைக்கும் இன்னும் அருகே வருகிறது.

மணி தப்பாமல் இருக்க

மதுரையைச் சுற்றிலும் கிரானைட் கல்லுக்காகப் பல குன்றுகள் வெட்டப்பட்டுப் பள்ளங்களாகக் கிடக்கின்றன. சாலை அகலமாகும்போதெல்லாம் ஆலும் இலுப்பையும் சாய்கின்றன. மரமொன்றை வெட்டினால் பத்து மரம் நடுவோம் என்கிறார்கள். நூறு ஆண்டு வளர்ந்த ஆலமரத்தில் வழிவழியாகக் கூடி வாழ்ந்த ஒரு கூட்டத்தை எந்த நாற்றங்காலில் வளர்த்து நடுவது?

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் மலைகளையும் சுனைகளையும் சமணக் குகையையும் ஊர் மக்களே காத்து வந்தார்கள். 2022-ஆம் ஆண்டில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த இடத்தையும் உட்படுத்தி 2024-ஆம் ஆண்டில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தபோது, சுற்றுப்புறக் கிராமத்தார் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. ஒருவர் மாத்திரம் குரல் கொடுத்திருந்தால் நடந்திருக்குமா? சமணர் மலைக் குகையில் வௌவால் கற்ற பாடத்தை நம் மக்களும் அறிந்திருக்கிறார்கள். தனித்திருப்பவனுக்கு வேளை தப்பும். கூடியிருப்பவனுக்கு இருட்டிலும் நேரம் தெரியும்.

பொழுது சாய்ந்தது. ஆலமரத்தில் சலசலப்பு எழுந்தது. ஒரு பெரிய பழந்தின்னி கிளையை விட்டு நழுவிக் கண்மாய்க்கு மேலே மெல்ல வட்டமிட்டது. அதைத் தொடர்ந்து மற்றவை கிளம்பின. மேற்கு வானத்தின் செம்மையில் அவை நிதானமாகச் சிறகடித்துச் செல்வதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். முதியவர் சூலத்தின் முன்னே அகல் ஒன்றை ஏற்றி வைத்தார். என்ன எண்ணெய் என்று நாம் கேட்டோம்.

"இலுப்பை எண்ணெய்தாங்க ஐயா. கொட்டையெல்லாம் இந்த மரத்தடியிலே பொறுக்குனதுதான்" என்றார்.

திரும்பி வரும்போது குழந்தை, "அப்பா, அந்தப் பழமொழியை நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்" என்றாள்.

"எதை அம்மா?"

"'நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்றால் சாப்பாடு இல்லை என்று அர்த்தம் இல்லை. இங்கே உனக்கும் இடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்."

இந்தத் தடவை அவளை நாம் அதட்டவில்லை.